பஞ்சாரமும் பன்னிரண்டு மணி நேரமும்

(ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில், வீட்டில் கோழி வளர்ப்போருக்காக ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோதே ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, ஒரே ஒரு கேள்விதான். ஒரு கோழிக்கு எத்தனை சதுர அடி வேணும்? அதை மட்டும் சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே ஆசாரியைக் கூப்பிட்டு வேலையை ஆரம்பிச்சிடுவேன்" என்றார். "உள்ளே வாங்க தம்பி, சொல்றேன்" என்றேன். அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். இன்றைய பேச்சு முழுவதும் அவருக்கான பதில்தான். மற்றவர்கள் கூட இருந்து கேட்டுக்கொள்ளலாம்.

தம்பி கேட்ட கேள்விக்கு ஊரில் பல பதில்கள் உலவுகின்றன. கறிக்கோழிப் பண்ணைக்காரரைக் கேட்டால் ஒரு சதுர அடி என்பார். ஆழ்கூளத்தில் முட்டைக்கோழி வளர்ப்பவர் இரண்டு என்பார். வீட்டுக் கோழிக்குக் கூட்டுக்குள் நான்கு, வேலியடைத்த வெளியில் பத்து என்று சிலர் சொல்வார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 'திறந்தவெளிக் கோழியின் முட்டை' என்று அட்டையில் அச்சடிக்க வேண்டுமானால், கோழி ஒன்றுக்கு வெளியே 4 சதுர மீட்டர் விட வேண்டும். நம் கணக்கில் 43 சதுர அடி.

ஒன்றிலிருந்து 43 வரை! இதில் யார் சொல்வது சரி? எல்லோரும் சொல்வது சரிதான். ஒவ்வொருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள், அவ்வளவே. கறிக்கோழி நாற்பது நாள் சொச்சத்தில் கடைக்குப் போய்விடும். அதற்குச் சண்டைபோடும் வயதுகூட வருவதில்லை. நம் வீட்டுப் பெட்டைக்கோழி மூன்று நான்கு வருடம் நம்மோடு இருக்கும். இரண்டுக்கும் ஒரே அடிக்கோலை வைக்க முடியுமா?

என் அப்பத்தா வீட்டுத் திண்ணையோரம் ஒரு பஞ்சாரம் இருந்தது. மூங்கில் பிளாச்சில் முடைந்தது. விட்டம் மூன்று அடி. சாயங்காலம் வெளிச்சம் மங்கும்போது கோழிகள் தாமாகவே வந்து சேரும். அப்பத்தா ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைப்பாள். பத்து கோழி அடையும். அண்மையில் ஒருநாள் அந்தப் பஞ்சாரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றடி விட்ட வட்டத்தின் பரப்பு ஏழு சதுர அடி. பத்தால் வகுத்தால் கோழிக்கு 0.7 சதுர அடி.

இதோடு இன்னோர் எண்ணை வைத்துப் பாருங்கள். முட்டைக்கோழிகளை வெறும் கம்பிக்கூண்டில் அடைத்து வைப்பது கொடுமை என்று ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் ஒரு விதி கொண்டுவந்தது. 2012 சனவரி 1 முதல் அந்தக் கூண்டுகளுக்கு அங்கே தடை. அவற்றுக்குப் பதிலாக அனுமதித்த மேம்பட்ட கூண்டில் கோழி ஒன்றுக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடம், கூடவே உட்காரக் கம்பு, முட்டையிட மறைவிடம், கிளற ஏதாவது இருக்க வேண்டும். 750 சதுர சென்டிமீட்டர் என்றால் 0.8 சதுர அடி. அதாவது அப்பத்தாவின் பஞ்சாரம் ஐரோப்பாவின் கூண்டைவிட நெருக்கமானது! அதற்காக அப்பத்தா கோழிகளைக் கொடுமைப்படுத்தினாள் என்று யாராவது சொல்வீர்களா?

சொல்ல மாட்டீர்கள். ஏனென்றால் விடிந்ததும் அம்மிக்குழவி இறங்கிவிடும். அதற்குப்பின் பன்னிரண்டு மணி நேரம் அந்தக் கோழிகளுக்கு ஊரே சொந்தம். குப்பைமேடு, மாட்டுத்தொழுவம், வைக்கோற்படப்பு, பக்கத்து வீட்டுக் கொல்லை. பஞ்சாரம் தூங்கும் இடம் மட்டும்தான். தூங்குகிற கோழிக்கு இடமே தேவையில்லை. அது தானாகவே அடுத்ததன்மேல் ஒட்டி உட்காரும்.

நாம் என்ன செய்கிறோம்? நமக்குப் பக்கத்து வீட்டுக் கொல்லை இல்லை. தெருவில் நாய், வண்டி, அண்டை வீட்டாரின் ரோஜாத்தொட்டி. அதனால் ஊரை எடுத்துவிட்டோம், பஞ்சாரத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். கொஞ்சம் பெரிதாக, கம்பிவலை போட்டு, பச்சை வண்ணம் அடித்து, அதற்குக் 'கூடு' என்று பெயர் வைத்து, இருபத்துநான்கு மணி நேரமும் கோழியை அதிலேயே வைக்கிறோம். ஆகவே தம்பி, கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: என் கோழி ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அடைபட்டுக் கிடக்கும்? அடியைச் சொல்லுமுன் மணியைச் சொல்ல வேண்டும்.

ஆனால் அப்பத்தா காலம் பொற்காலம் என்று கிளம்பிவிடாதீர்கள். பருந்து குஞ்சைத் தூக்கியது. கீரி கழுத்தைக் கடித்துப் போட்டது. கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் பஞ்சாரம் காலி. அன்று இடம் தாராளம், காவல் குறைவு. இன்று காவல் தாராளம், இடம் குறைவு. இரண்டையும் சேர்த்துக் கட்டுவதுதான் நம் வேலை.

என் அறிவீனத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் முதலில் கட்டிய கூடு நாலுக்கு நாலு. பதினாறு சதுர அடி. பதினான்கு கோழி. பகலில் திறந்துவிடுவேன் என்பதால் ஒரு குறையும் தெரியவில்லை. அந்த வருடம் ஐப்பசியில் நான்கு நாள் விடாத மழை. கோழி நனைந்து சளி பிடித்துவிடும் என்று கூட்டைத் திறக்கவே இல்லை. தீனியும் தண்ணீரும் உள்ளேயே வைத்தேன். மூன்றாம் நாள் ஒரு பெட்டையின் வால்புறத்தில் ரத்தம். கோழிகளுக்குச் சிவப்பு கண்ணில் பட்டால் சும்மா இருக்காது. ஒன்று கொத்தினால் மற்றவையும் கொத்தும். நான்காம் நாள் காலையில் அது மூலையில் செத்துக் கிடந்தது. அடுத்த வாரம் விடைக்கோழிகள் இரண்டுக்கு ரத்தக்கழிச்சல். கதகதப்பும் ஈரமும் நெரிசலும் ஒன்றுசேர்ந்தால் அந்தக் கிருமிக்குக் கொண்டாட்டம். மூன்று உயிர் போனபிறகு எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. கூட்டை நல்ல நாளை வைத்து அளக்கக் கூடாது. வருடத்தின் மோசமான நாளை வைத்து அளக்க வேண்டும். நமக்கு அப்படி இரண்டு நாள் உண்டு. ஒன்று ஐப்பசி அடைமழை, இன்னொன்று கத்திரி வெயில்.

இரவுக் கூட்டிலிருந்து தொடங்குவோம்.

கோழியின் மூதாதை காட்டுக்கோழி. சிவப்புக் காட்டுக்கோழிதான் முக்கிய முன்னோர். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரிகிற சாம்பல் காட்டுக்கோழிக்கும் அந்த ரத்தத்தில் பங்குண்டு. பல வீட்டுக் கோழிகளின் காலில் தெரியும் மஞ்சள் நிறம் அதன் கொடை என்று 2008இல் மரபணு ஆய்வில் தெரியவந்தது. காட்டுக்கோழி இரவில் மரத்தில் ஏறி அடையும். நம் கோழிக்கும் அந்தப் புத்தி போகவில்லை. இருட்டத் தொடங்கினால் உயரம் தேடும். ஆகவே இரவுக் கூட்டில் தரையின் பரப்பைவிடக் கம்பின் நீளம் முக்கியம். கோழி ஒன்றுக்கு எட்டு அங்குலம் கம்பு. பெரிய உடம்புக்காரிக்குப் பத்து அங்குலம். கம்பு இரண்டு அங்குலத் தடிப்பில், முனை மழுக்கியதாக இருக்கட்டும். இரண்டு கம்பு போட்டால் இரண்டையும் ஒரே உயரத்தில் போடுங்கள். ஏணிபோலப் போட்டால் மேல்கம்புக்கு அடிதடி; தோற்றது கீழே உட்கார்ந்து மேலே உள்ளதன் எச்சத்தைச் சுமக்கும்.

முட்டையிடும் பெட்டி நான்கைந்து பெட்டைக்கு ஒன்று போதும். ஓரடிக்கு ஓரடி. பத்துப் பெட்டி வைத்தாலும் பத்துக் கோழியும் ஒரே பெட்டிக்கு வரிசையில் நிற்கும், வளர்த்தவர்களுக்குத் தெரியும். பெட்டியின் உயரம் கம்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். உயர்ந்தால் கோழி அதில் ஏறித் தூங்கும். காலையில் முட்டை எச்சத்தில் கிடக்கும். பெட்டியைக் கூட்டின் வெளிச்சுவரில் தொங்கவிட்டால் உள்ளே தரை மிச்சம்.

அடுத்தது காற்று. குளிர்நாட்டில் நான்கு பக்கமும் பலகை அடித்துக் கட்டுகிறார்கள். அதே வடிவத்தைப் படத்தில் பார்த்து இங்கே கட்டினால், நாம் கட்டுவது இட்லிக் கொப்பரை. கோழியின் உடம்புச் சூடு இயல்பிலேயே 41 டிகிரி. அதற்கு வியர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியே விட வேண்டும். காற்றோட்டம் இல்லாவிட்டால் இரைத்தும் பயனில்லை. ஆகவே அடிப்பக்கம் ஓரடிச் சுவர் போதும், அதற்குமேல் கம்பிவலை. நீளப்பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும், அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய பக்கத்தில் மட்டும் விழும். தகரக் கூரையென்றால் மேலே தென்னங்கீற்றைப் பரப்புங்கள். சாரலுக்குச் சாக்குப் படுதா கட்டித் தொங்கவிட்டால் போதும். வலை அரை அங்குலக் கண்ணுள்ள பற்றவைத்த கம்பிவலையாக இருக்கட்டும். மெல்லிய அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தும்; மரநாயை வெளியே நிறுத்தாது.

அடுத்ததை யாரும் பேச மாட்டார்கள், நான் பேசுகிறேன். எச்சம். நன்றாகத் தின்னும் முட்டைக்கோழி நாளொன்றுக்கு நூறு கிராமுக்குக் குறையாமல் போடும். அதில் முக்கால் பங்கு நீர். பத்துக் கோழிக்கு மாதம் முப்பது கிலோ! உண்மையில் சதுர அடிக் கணக்கு என்பதே இந்த முப்பது கிலோ காய்வதற்கான கணக்குதான். இடம் போதுமானால் உமியோ கடலைத்தோலோ அதை உறிஞ்சிக் காயவைக்கும். கோழி கிளறிக் கிளறி உரமாக்கிவிடும். இடம் குறைந்தால் ஈரம் தங்கும், அம்மோனியா கிளம்பும், கோழிக்குக் கண் எரியும், மூச்சுக்குழல் புண்ணாகும். அதன் பிறகுதான் சளி, கழிச்சல் எல்லாம்.

இப்போது பகலுக்கு வருவோம். பகலில் கோழி என்னென்ன செய்கிறது என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். கிளறும், கொத்தும். நடுப்பகலில் குழிபறித்துப் புழுதியில் புரளும். செள்ளும் பேனும் போவதற்கு அதற்குத் தெரிந்த மருத்துவம் அது. நிழலில் படுத்து இறகைக் கோதும். இத்தனைக்கும் தனித்தனி இடம் வேண்டும். இதற்குத்தான் கோழிக்குப் பத்து சதுர அடி என்ற கணக்கு. அதில்கூடப் புல் மிஞ்சாது. ஒரே மாதத்தில் தரை மொட்டையாகும். முடிந்தால் வெளியிடத்தை இரண்டாகத் தடுத்து ஒன்று மாற்றி ஒன்று திறந்துவிடுங்கள். காலியான பாதி ஓய்வெடுக்கட்டும்.

இடத்துக்கு இன்னொரு தேவையும் உண்டு. நார்வேக்காரர் தொர்லைஃப் ஷெல்டெருப்-எப்பே சிறுவயதிலிருந்தே கோழிகளை அருகிருந்து கவனித்துக் குறிப்பெடுத்தவர். எந்தக் கோழி எந்தக் கோழியைக் கொத்துகிறது, எது திருப்பிக் கொத்துவதில்லை என்று எழுதிவைத்தார். 1920களின் தொடக்கத்தில் அதை ஆய்வாக வெளியிட்டார். கோழிக் கூட்டத்தில் மேலிருந்து கீழாக ஒரு வரிசை இருக்கிறது. மேலே உள்ளது கீழே உள்ளதைக் கொத்தும் என்பது அவர் கண்டது. நம் பாட்டிமார் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். மாமியார் யார், மருமகள் யார் என்று அவர்களுக்குக் கோழியைப் பார்த்தாலே தெரியும். ஆனால் இடத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பைக் கவனியுங்கள். மூத்தது முறைத்தால் இளையது நாலடி விலகிப் போகும், சண்டை அதோடு முடிந்தது. விலகிப் போக அந்த நாலடி இல்லாவிட்டால்? மரியாதை காட்ட வழியில்லாததால் அடி வாங்குகிறது. என் கூட்டில் செத்த பெட்டைக்கு நடந்தது அதுதான். ஆகவே தீனித்தொட்டி இரண்டு வையுங்கள், ஒன்று இந்த மூலை, ஒன்று அந்த மூலை. நடுவில் ஒரு பழைய கட்டையோ கவிழ்த்த கூடையோ கிடக்கட்டும், ஒளிந்துகொள்ள. சேவல் ஒன்று போதும். பெருவிடைச் சேவல் இரண்டை ஒரே வேலிக்குள் விட்டால் எத்தனை சென்ட் நிலமும் பத்தாது.

எந்தக் கோழி என்பதைப் பொறுத்தும் கணக்கு மாறும். சிறுவிடைக்கு உடம்பு சிறிது, றெக்கை வலுவானது. ஆறடி வேலியை எளிதாகத் தாண்டும். அதற்கு மேலே வலை வேண்டும். பெருவிடைக்கும், ஐதராபாத்தில் உருவாக்கப்பட்ட வனராஜா போன்ற கனத்த இனங்களுக்கும் கம்பு தாழ்ந்திருக்க வேண்டும். உயரத்திலிருந்து குதித்தால் பாதம் வீங்கிப் புண்ணாகும்.

சரி தம்பி, அடிக்கோலை எடுங்கள். பத்துப் பெட்டை, ஒரு சேவல் என்று வைத்துக்கொள்வோம். இரவுக் கூடு ஐந்துக்கு நான்கு, இருபது சதுர அடி. ஐந்தடிக் கம்பு இரண்டு. பதினொன்றுக்கும் எட்டு அங்குலம் வீதம் ஏழரை அடி போதும், உங்களிடம் பத்தடி இருக்கிறது. பெட்டி மூன்று, வெளிச்சுவரில். இந்தக் கூட்டைத் தரையில் வைக்காதீர்கள். இரண்டரை அடிக் காலில் நிறுத்துங்கள். இப்போது கூட்டின் அடியில் இன்னோர் இருபது சதுர அடி சும்மா கிடைக்கிறது. வெயிலுக்கு நிழல், மழைக்கு ஒதுங்கிடம், காய்ந்த புழுதிக்கும் அதுவே இடம். கூரையை நீளப்பக்கங்களில் இரண்டடி நீட்டிவிட்டால் இன்னோர் இருபது. ஆக அறுபது. சாரலில் ஓரம் நனைந்தாலும் அடைமழையில் கோழிக்கு நான்கு சதுர அடியாவது உலர்ந்து கிடக்கும். இதைச் சுற்றி வேலியடைத்த வெளி, கோழிக்குப் பத்து வீதம் 110 சதுர அடி. ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி சொச்சம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆக, பதினொரு கோழிக்குக் கால் சென்ட். இதை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்.

ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை. கோழி குட்டிபோடும் கடன் மாதிரி. தை மாதம் பத்துப் பெட்டை. இரண்டு அடைக்கு உட்காரும். இருபத்தோராம் நாள் ஆளுக்கு எட்டுக் குஞ்சு பொரிக்கும். நான்கு மாதத்தில் அவை விடைக்கோழி. ஆடி மாதம் குலதெய்வத்துக்கு இரண்டு, விருந்தாளிக்கு இரண்டு போக மீதி இருபத்துமூன்று உங்கள் இருபது சதுர அடியில் நிற்கும். கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா என்று பழமொழி சொல்கிறோம். தாய்க்கோழியைப் பொறுத்தவரை அது உண்மைதான். நெரிசலான கூட்டில் ஒரு பூனை வந்து மிரட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரு மூலைக்குப் பாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் கிடக்கும் குஞ்சு மூச்சுமுட்டிச் சாகும். அந்தப் பழமொழி பஞ்சாரத்துக்கு வெளியே சொன்னது. எனவே இன்று இருக்கும் தலையை எண்ணாதீர்கள். வருடத்தில் மிகுதியாக இருக்கப்போகும் தலையை எண்ணுங்கள். அல்லது எந்த எண்ணில் நிறுத்துவேன் என்று முன்கூட்டியே முடிவுசெய்து, மிஞ்சும் முட்டையை அடைவைக்காமல் ஆம்லெட் போட்டுவிடுங்கள்! அடைக்கோழிக்கும், சந்தையில் வாங்கிவந்த புதுக்கோழிக்கும் தனியாக ஒரு சிறு தடுப்பு எப்போதும் காலியாக இருக்கட்டும். புதிதாக வந்ததை மூன்று வாரமாவது தள்ளி வையுங்கள். நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

மாடியில் எட்டுக்கு ஐந்து இடம்தான் இருக்கிறது, பகலில் திறந்துவிட வழியே இல்லை என்று சிலர் சொல்வீர்கள். நாற்பது சதுர அடி. கோழியை முதலில் வாங்கிவிட்டு இடம் தேடினால் அதில் இருபது நிற்கும். இடத்தை முதலில் அளந்துவிட்டுக் கோழியை எண்ணினால் மூன்று. மூன்று பெட்டை முறைவைத்து முட்டையிட்டால் ஒரு சின்னக் குடும்பத்துக்குப் போதாதா? சேவல் இல்லாமலும் முட்டை வரும். விடியற்காலை நான்கு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து உங்களைத் திட்டவும் மாட்டார்.

முடிக்குமுன் ஒரு சோதனை. கூடு கட்டி ஒரு மாதம் போகட்டும். ஒருநாள் காலையில், கதவைத் திறக்குமுன், குந்தி உட்கார்ந்து கோழியின் தலை இருக்கும் உயரத்தில் உங்கள் மூக்கை வையுங்கள். ஐந்தரை அடி உயரத்தில் நிற்கிற மூக்குக்கு எதுவும் தெரியாது. அங்கே அம்மோனியா காற்றில் கலைந்துவிடும். கீழே வைத்தால் தெரியும். கண் கரித்தால் உங்கள் கூடு சிறிது, அல்லது கோழி அதிகம். எந்தப் புத்தகம் எத்தனை சதுர அடி சொன்னாலும் சரி, அன்றைக்கு அந்த மூக்கு சொல்வதுதான் அளவு.

அப்பத்தாவுக்குச் சதுர அடி தெரியாது. ஆனால் அவள் ஒரு நாளும் விடிந்தபின் அம்மிக்குழவியை இறக்கத் தாமதித்ததில்லை. காய்ச்சலில் கிடந்த நாளிலும், "முதல்ல போயி கோழியத் தெறந்து விடுடா, அப்புறமா எனக்குக் கஞ்சி கொண்டா" என்று என்னை அனுப்பினாள். எத்தனை மணிக்குத் திறப்பது என்பது அவளிடம் எப்போதும் சரியாக இருந்தது. நீங்கள் எத்தனை அடியில் கட்டினாலும் கட்டுங்கள் தம்பி; ஆசாரியிடம் கதவை மட்டும் எளிதாகத் திறக்கும்படி வைக்கச் சொல்லுங்கள்.